பொத்தானக்காவின் திவால் பெட்டி

பத்தொன்பது வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களைப் பேச வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, ஐம்பத்து மூன்றாம் வயதில் சீன மொழி கற்கப் புறப்பட்டாள் என்றால், அதற்கு அறிவுத் தாகம் காரணமாக இருக்கும் என்று தெருவில் சிலர் நம்பினார்கள். தாகமெல்லாம் ஒன்றுமில்லை. பொத்தான்தான் காரணம்.

இணைப்பகத்துக்கு இயந்திரம் வந்த வருடம் அவளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தொகையை என்ன செய்யலாம் என்று சொல்ல, அதுவரை அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லாதவர்கள் எல்லாம் வீடு தேடி வந்தார்கள். எல்லாருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் அவள் தன் தம்பியின் பொத்தான் கடையில் பாதிப் பங்கு வாங்கினாள். அன்றிலிருந்து தெருவுக்கு அவள் பொத்தானக்கா.

தம்பி அந்தக் கடையை இருபது வருடமாக நடத்திவந்தான். நடத்திவந்தான் என்பதைவிட, அது மூழ்குவதற்காகக் காத்திருந்தான் என்பது பொருந்தும். அடுத்த மாதம் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று ஒவ்வொரு மாதமும் சொல்வான். அவன் கணக்குப்படி கடை இதுவரை இருநூறு முறைக்கு மேல் மூழ்கியிருக்கிறது. ஆனாலும் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும், தையல்காரர்கள் வருவார்கள், போவார்கள். அக்கா நேர்மாறு. வானம் இடிந்து விழுந்தால், கூரை போடும் செலவு மிச்சம் என்பாள். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே கல்லாவில் உட்கார்ந்தால் கடை உருப்படாது என்பது உலக வழக்கு. இந்தக் கடை உருப்பட்டுக்கொண்டிருந்தது.

கடை பதினோரு அடி அகலம். மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை எழுதி ஒட்டும் வழக்கம் பொத்தான் வியாபாரத்தில் கிடையாது. பெட்டியின் முன்பக்கத்தில் அதே பொத்தானில் ஒன்றைத் தைத்துவிடுவார்கள். அந்தப் பக்கத்துக்கு முகம் என்று பெயர். பெட்டிக்கு முகம் எப்போதும் வெளியே இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. தம்பியைப் பொறுத்தவரை அதுதான் கடைசி விதியும். சுவர்ப்பக்கம் முகம் திருப்பிய ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

சரக்கு கடல் கடந்து ஒரு சீன ஆலையிலிருந்து வந்தது. நடுவே ஒரு தரகர் இருந்தார். அங்கிருந்து வரும் கடிதங்களை அவர் படித்துச் சொல்வார். இங்கிருந்து போவதை எழுதித் தருவார். அவருக்கு வயதாகி, மகள் வீட்டோடு போய் இருக்க முடிவுசெய்தார். போகுமுன் ஆலையின் கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டினார். சின்னக் கடைகளோடு இனித் தரகர் வைத்துப் பேசுவதாக இல்லை. ஆறு மாதத்தில் ஆலையிலிருந்து ஆள் வந்து கடையைப் பார்ப்பார். நேராகப் பேசி வியாபாரம் செய்யத் தெம்பு இருந்தால் சரக்கு நேராக வரும். இல்லாவிட்டால் தெருமுனை மொத்தக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

மொத்தக்கடையில் வாங்கினால் அந்தக் கடைக்காரர் வைத்ததுதான் விலை, அவர் கொடுத்ததுதான் நிறம். இரண்டு வருடத்தில் இந்தக் கடை தன்னுடைய கிடங்காகிவிடும் என்று மொத்தக்கடைக்காரரே சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். "உங்கள வெளிய அனுப்ப மாட்டேன்க்கா. நீங்க பாட்டுக்கு ஸ்டூல் போட்டு உக்காந்து சாவிய வச்சுக்கங்க" என்று ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதல்தான் அக்காவுக்கு ஆறவில்லை.

"எழுதுங்கய்யா" என்றாள் தரகரிடம். "எனக்குச் சீனம் தெரியும், மொழிபெயர்க்க ஆள் கூட்டிட்டு வர வேணாம்னு எழுதுங்க."

தரகர் பேனாவை நிறுத்தினார். தம்பி மூச்சை நிறுத்தினான்.

"எப்பலேர்ந்துக்கா தெரியும்?"

"நாளையிலேர்ந்து."

மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் மாலை வகுப்பு நடந்தது. டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. ஆறு வருடம் சீனாவில் படித்துவிட்டு வந்தவள். கண்டிப்பில் அறுபது வயதுக்காரி. சீனத்தில் ஒரே அசையை நாலு விதமாக இழுக்கலாம், ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு பொருள் என்று முதல் நாளே சொல்லி வகுப்பில் பாதிப்பேரை விரட்டிவிட்டாள். அக்கா அசரவில்லை. 'ஹலோ' என்ற ஒரு சொல்லை வைத்து, எதிர்முனையில் இருப்பது சாவுச் செய்தியா, கல்யாணச் செய்தியா, கடன் கேட்கும் மாமனா என்று பத்தொன்பது வருடம் கண்டுபிடித்த காது அது. நாலு இழுப்பு எம்மாத்திரம்?

காதுக்குப் பிடிபட்டது கண்ணுக்குப் பிடிபடவில்லை. எழுத்து நினைவில் நிற்கவில்லை. அதற்கு அவள் தன் தொழிலிலிருந்தே ஒரு வழி எடுத்தாள். ஒவ்வொரு சொல்லையும் மஞ்சள் துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தப் பொருளின் முகத்தில் ஒட்டினாள். கதவில் கதவு, கண்ணாடியில் கண்ணாடி, கத்தரிக்கோலில் கத்தரிக்கோல். பொருளாக இல்லாத சொற்களுக்கும் ஓர் இடம் கண்டுபிடித்தாள். 'பொறுமை'யைத் தையல்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சில் ஒட்டினாள். 'நாளை'யை, ஐந்து வருடமாக ரிப்பேருக்குக் காத்திருந்த மின்விசிறியில். மூன்று மாதத்தில் கடை பூராவும் மஞ்சள் சீட்டாகிவிட்டது. தையல்காரர்கள் அது ஏதோ தள்ளுபடி என்று நினைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

பன்னிரண்டாம் பாடம் வியாபாரம். விலை, சரக்கு, லாபம், நட்டம் என்று வரிசையாக வந்து கடைசியில் ஒரு சொல் நின்றது.

"இதென்ன டீச்சர், இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கு?"

"கல்லுதான்க்கா. பக்கத்துல இருக்கிறது தோல். அது ஓசைக்காகக் கூட வருது."

"ஓசைக்காக மட்டும் கூட வர்றவங்க எங்க குடும்பத்துலயும் உண்டு. அப்புறம்?"

"முதல் எழுத்து உடையறது. ரெண்டாவது சொத்து. சேர்த்துப் படிச்சா போச்சான். திவால். மஞ்சக் கடுதாசி குடுக்கிறதுன்னு சொல்வாங்களே, அது."

"அந்தச் சொத்து எழுத்துக்கு வேற அர்த்தம் இருக்கா?"

"பிள்ளை பெறுறதுக்கும் அதுதான்க்கா."

"அனுபவப்பட்டவங்கதான் எழுதியிருக்காங்க" என்று அக்கா குறித்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். எதன்மேல் ஒட்டுவது? தம்பி கல்லாவைக் கைகளால் அணைத்துக்கொண்டான்.

"இதுல ஒட்டாதக்கா. வேண்டாம். வேற எதுல வேணா ஒட்டு."

"உன் முதுகுல ஒட்டட்டுமா? அளவெடுத்த மாதிரி இருக்கும்."

"என்ன வார்த்தை அது?"

"போச்சான். திவால்."

"மொழி தெரியாதவனுக்கே புரியுது. இருபது வருஷமா நானும் அதத்தானே சொல்றேன்! அதுவும் மஞ்சக் காகிதத்துல எழுதி வச்சிருக்கே!"

அவள் கண் மேல்தட்டுக்குப் போனது. அங்கே ஒரு பெரிய பெட்டி. கடைக்கு வந்த முதல் வருடம் அவள் தானே போட்ட ஆர்டர் அது. கடுகு மஞ்சள் நிறத்தில், அகலமான கோட்டுப் பொத்தான். இந்த வருடம் ஊரே கடுகு மஞ்சளில் கோட்டுப் போடும் என்று ஒரு தையல்காரர் சொல்லப்போக, அக்கா நாற்பது குரோஸ் வரவழைத்தாள். ஒரு குரோஸ் என்பது பன்னிரண்டு டஜன். ஆக ஐயாயிரத்து எழுநூற்று அறுபது பொத்தான். விற்றது பதினொன்று. அதில் மூன்று திரும்பி வந்தது. அந்த வருடம் இருவரும் சம்பளம் எடுக்கவில்லை. கடை மெய்யாகவே மூழ்கப் பார்த்தது அந்த ஒருமுறைதான். வேடிக்கை என்னவென்றால், அந்த வருடம் மட்டும் தம்பி மூழ்கப்போகிறோம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அக்கா ஏணி போட்டு ஏறி, சீட்டை அந்தப் பெட்டியின் முகத்தில் ஒட்டினாள். பிறகு பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். கற்றுக்கொள்வது வேறு, தினமும் அதன் முகத்தில் விழிப்பது வேறு. தம்பி கீழே நின்று பார்த்தான். திருப்பி வைத்ததுதான் அவனை உறுத்தியது. ஒட்டியது எந்தச் சீட்டு என்பதை அவன் ஒரு வாரத்தில் மறந்துவிட்டான். அவனுக்கு எல்லாச் சீட்டும் ஒன்றுதான். கோழி கிளறிய மாதிரி.

ஆலையிலிருந்து ஆள் வரும் நாளும் வந்தது. முந்தின நாள் அக்கா வகுப்பில் கேள்வி பதில் ஒப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி கடையை ஒழுங்குபடுத்தினான். தன்னால் ஆன உதவி. தரையைத் துடைத்தான், ஸ்டூலைத் துடைத்தான், பிறகு யோசித்தான். வருகிறவர்கள் தங்கள் ஆலைச் சரக்குக்கு நாம் என்ன மரியாதை கொடுத்திருக்கிறோம் என்றுதானே பார்ப்பார்கள்? அவர்கள் ஆலையிலிருந்து வந்த பெட்டிகளிலேயே பெரியது எது? பளிச்சென்று இருப்பது எது? ஏணி போட்டு ஏறி அதை இறக்கினான். தூசி தட்டினான். நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, நேர் எதிர்த்தட்டில், ஆள் உயரத்தில் வைத்தான். முகம் வெளியே. அன்றிரவு அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

வந்தவள் நாற்பது வயதுப் பெண்மணி. சாம்பல் நிறக் கோட்டு, ஓசைப்படாத காலணி, கையில் ஒரு நோட்டு, பையில் பொத்தானின் குறுக்களவு பார்க்கும் இரும்புக் கருவி. அக்கா வாசலில் நின்று சீனத்தில் வணக்கம் சொன்னாள். வாங்க, உட்காருங்க, தேநீர் குடிங்க என்றாள். மூன்றும் பிசகாமல் வந்தன. பெண்மணியின் முகம் மலர்ந்தது. சுவரைச் சுற்றிப் பார்த்தாள். கதவு, கண்ணாடி, கத்தரிக்கோல் என்று சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். மின்விசிறியில் 'நாளை'யைப் படித்து வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்: பார்த்தியா?

பெண்மணி எதிர்த்தட்டுக்கு வந்தாள். சிரிப்பு நின்றது. தங்கள் ஆலையின் பெட்டி. தங்கள் ஆலையின் பொத்தான். அதன் கீழே இரண்டு எழுத்து. குனிந்து, மெதுவாக, ஓர் ஆசிரியைபோலத் துல்லியமாகப் படித்தாள்.

"போச்சான்."

ஆறு மாதத்தில் ஒரு சீனப் பெண் வாயிலிருந்து வந்த சொல்லை, யோசிக்காமல், மனதுக்குள் மொழிபெயர்க்காமல், பட்டென்று அக்கா புரிந்துகொண்டது அதுவே முதல் தடவை. ஒரு கணம் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மறு கணம்தான் அந்தச் சொல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பார்த்தாள்.

"கடையா?" என்று கேட்டாள் பெண்மணி. அவள் நோட்டு மூடிக்கொண்டது.

"ஐயோ, என்னக்கா சொல்றாங்க? ஏன் மூஞ்சி மாறுது?" என்றான் தம்பி.

"இத யாருடா இங்க வச்சது?"

"நான்தான். அவங்க சரக்காச்சே, எடுப்பா இருக்கட்டும்னு..."

"எடுப்பாத்தான் இருக்கு. நாம திவாலாயிட்டோம்னு எழுதி, விளக்குப் போட்டுக் காட்டிட்டே."

தம்பியின் முகம் சுண்ணாம்பானது. கைப்பேசியை எடுத்தான், அதில் மொழிபெயர்க்கும் வசதி இருந்தது. அக்கா அவன் கையை அழுத்திப் பிடித்தாள். அதை எடுத்தால் ஆறு மாதத்துக்கு முன் எழுதிய கடிதம் பொய்யாகிவிடும். பொய்யாகத்தான் எழுதியிருந்தாள், அதை இத்தனை பாடுபட்டு முக்கால்வாசி நிஜமாக்கியிருக்கிறாள், இப்போது விட முடியாது.

அவளிடம் இருந்ததோ பன்னிரண்டு பாடம். அதில் 'தவறான புரிதல்' இல்லை. 'விளக்கம்' இல்லை. 'ஒரு பேச்சுக்கு' இல்லவே இல்லை. சாக்குச் சொல்ல எந்தச் சொல்லும் இல்லாதவர்களுக்கு ஒரே வழிதான் மிச்சம்: நடந்ததைச் சொல்வது.

பெட்டியைத் தூக்கிக் கல்லாமேசையில் கவிழ்த்தாள். கடுகு மஞ்சள் மேசை முழுக்க ஓடிப் பரவியது. சில தரையில் விழுந்து உருண்டன. அக்கா கையிலிருந்த சீனத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"கடை திவால் இல்லை. இந்தப் பெட்டி. நான் வாங்கினேன். ஐயாயிரம். ஐயாயிரத்து எழுநூறு. யாரும் வாங்கலை." பதினொன்று என்று சொன்னாள். மூன்று என்றாள், திரும்பி வந்ததைக் கையால் காட்டினாள். பிறகு ஆறாம் பாடத்திலிருந்து ஒரு சொல் உதவிக்கு வந்தது. "நான் கெட்டிக்காரி இல்லை."

பெண்மணி மேசைக்குக் குனிந்தாள். ஒரு பொத்தானை எடுத்தாள். பழக்கத்தில் கை தானாகவே பைக்குள் போய்க் கருவியை எடுத்து அளந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தன் மார்பைத் தொட்டுக்காட்டி, அக்காவுக்குப் புரிகிற வேகத்தில், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"நாங்களும். ஓர் அறை. நிறைய."

"என்னக்கா?"

"அவங்க ஆலையிலயும் ஒரு ரூம் நிறையக் கெடக்காம்டா. அவங்களும் நம்மள மாதிரிதான்."

"நம்ம மாதிரின்னா? போச்சானா?"

இதைக் கேட்டதும் பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து தரையில் உருண்டவற்றைப் பொறுக்கினாள். மூன்று பேரும் பொறுக்கினார்கள். ஸ்டூலுக்கு அடியில் போனதைத் தம்பி குப்புறப் படுத்து எடுத்தான்.

எழுந்ததும் அவள் நோட்டைத் திறந்தாள். எட்டு வகைப் பொத்தான்களின் படத்தை வரிசையாகக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அறுபது என்று எழுதினாள். அறுபது குரோஸ். நேராகச் சரக்கு வேண்டுமென்றால் ஆலை எதிர்பார்ப்பது இது. பேனாவை அக்காவிடம் நீட்டினாள்.

கடையின் தலைவிதி அந்தப் பேனா முனையில் வந்து நின்றது. நாலு வருடத்துக்கு முன் இருந்த அக்காவாக இருந்தால், ஏன் இவ்வளவு குறைவாக என்று கேட்டிருப்பாள். இப்போது மேசையைப் பார்த்தாள். எட்டு வகை, தலைக்கு அறுபது. எட்டுக் கடுகு மஞ்சள் பெட்டிகள் அவள் கண்முன் அடுக்காக எழுந்து கூரையை முட்டின. மறுத்தால் மொத்தக்கடையும் ஸ்டூலும் சாவியும்.

அப்போதுதான் தெருவே நம்ப மறுக்கிற அந்தக் காரியம் நடந்தது.

"எடுத்துக்கக்கா" என்றான் தம்பி. "அறுபதும் எடு. பாத்துக்கலாம்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவனேதான். இருபது வருடம் பார்க்காமலே பயந்த திவாலை அவன் இன்றைக்குத்தான் மேசைமேல் கொட்டிக்கிடக்கப் பார்த்திருந்தான். அது கடுகு மஞ்சளில், நாலு துளையோடு இருந்தது. கையால் பொறுக்கிப் பெட்டியில் போட முடிந்தது. இவ்வளவுதானா என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நீயாடா பேசுறே?"

"ஆமா. போனா என்ன? ஒருதரம் போயி வந்தாச்சே."

"அதனாலதான் வேணாங்கறேன்."

அக்கா பேனாவை வாங்கினாள். முதல் அறுபதை அடித்து முப்பது என்று எழுதினாள். இரண்டாவதையும். ஏழு வரிவரை நிற்காமல் அடித்தாள். எட்டாவது வரியில், குழந்தைகள் உடுப்புக்கான வெள்ளைப் பொத்தானுக்கு மட்டும், நிறுத்தி யோசித்து, நாற்பது என்று போட்டாள். அது எப்போதும் போகும். தையல்காரர் யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்த ஒன்று அது.

"முப்பது" என்றாள் சீனத்தில். "இந்த வருஷம் முப்பது. அடுத்த வருஷம் பேசலாம்." குரல் சற்று மேலே போய்விட்டது. "முடியாதுன்னா..." என்று தொடங்கினாள், அதற்கு மேல் பாடத்தில் இல்லை.

பெண்மணி எட்டு வரியையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வெள்ளைப் பொத்தானின் நாற்பதில் விரலை வைத்து நிமிர்ந்தாள். ஏன் இது மட்டும் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினாள், எழுதியது வியாபாரம் தெரிந்தவள் என்று இப்போது புரிந்தமாதிரி. பக்கத்தின் அடியில் தன் பெயரை எழுதினாள். நோட்டைத் திருப்பி அக்காவின் பக்கம் தள்ளினாள். அக்கா அதன் கீழே தன் பெயரை எழுதினாள், தமிழில்.

சரக்கு நேராக வரும். கடை கடையாக இருக்கும்.

"வெள்ளைல அறுபது போட்டிருக்கலாம்" என்றான் தம்பி.

"வாய மூடு."

"நாப்பது ஆறு மாசத்துல தீந்துடும்க்கா. அப்புறம் வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது? நீ எப்பவுமே பயந்து பயந்து..."

"நானா? நானா பயந்தேன்? உன்ன..."

பெண்மணி ஆறிப்போன தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் யார், என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

நடந்ததை எல்லாம் விளக்க வேண்டுமானால் இன்னும் இருபது பாடமாவது வேண்டும். ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி அது. அந்த அளவில் நாகரிகமானது.

"என் தம்பி" என்றாள் அக்கா.

அந்தப் பெண்மணி நீளமாக மூச்சு விட்டாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினாள். தனக்கு இரண்டு.